தெரியாது என்று சொன்னவர்

இருப்பது ஒரே வேலை. கேட்டு வந்து நிற்பவர்கள் இரண்டு பேர். இதில் என்ன பெரிய சிக்கல் என்று அவசரப்பட்டுவிடாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு, உங்களால் முடிந்தால் ஒரு முடிவு சொல்லுங்கள்.

தேனியில் ஓர் அறக்கட்டளை. காசநோய்க்காரர்களின் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவது அவர்கள் வேலை. அதற்கு ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். காலையில் பதினொரு பேர் வந்தார்கள். மதியத்துக்குள் ஒன்பது பேர் கழிந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருத்தி போடியிலிருந்து வந்த தமயந்தி.

தமயந்திக்கு இது ஐந்தாவது நேர்காணல். கணவன் ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துப் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். முன்பு ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள், கெட்டிக்காரி. போன இடங்களில் எல்லாம் நன்றாகத்தான் போகும். "நடுவுல ஏழு மாசம் என்ன பண்ணீங்க?" என்ற கேள்வி வந்ததும் எதையாவது உளறிக் கெடுத்துக்கொள்வாள். மூன்று வருஷத்துக்கு முன்பு, அந்த ஏழு மாதமும் அவளுக்குக் காசநோய். கணவனையும், மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவரையும் தவிர ஊரில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அது தெரியாது. இந்த முறை உஷாராக, "மாமியார் படுத்த படுக்கை, கூட இருந்து கவனித்தேன்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டாள். அந்த மாமியாரோ இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவர்.

எல்லாம் சரிதான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொருவரை நிமிர்ந்து பார்த்ததும் அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெயர் சிக்கந்தர். அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்து, அவளுக்கு ஏழு மாதமும் மாத்திரை கொண்டுவந்தவர் அவரேதான். ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில் மாத்திரையை மடித்து வைத்துக்கொண்டு வருவார். தெருவே அவரைத் துணி வியாபாரி என்று நம்பியது. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் விடாமல் பேரம் பேச, மனிதர் வேறு வழியில்லாமல் ஒரு துணியை விற்றும்விட்டார்.

இப்போது அவர் அவளை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோலச் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறந்துவிட்டாரா, இல்லை உள்ளே போய்ச் சொல்வதற்காக வைத்திருக்கிறாரா? அவர் வாயைத் திறந்தால் அவள் எழுதியது பொய் என்றாகிவிடும். வேலை அவர் மடியில் வந்து விழும். தமயந்திக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே கேள்வி கேட்டவர்கள் இருவர்: தலைவி டாக்டர் ஹெப்சிபா, தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்ற பசுபதி. அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. பேசியது அத்தனையும் வெளியே கேட்டது.

"வெளிய இருக்கிற பொண்ணு போடி ஏழாவது வார்டாம். நீங்க வேலை பாத்த ஏரியாதானே?" என்றார் பசுபதி. "ஏழு மாசம் மாமியாரப் பாத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கு. அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

தமயந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்த நிம்மதி, அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்காரும்வரைகூட நிற்கவில்லை. டாக்டர் அதே ஏழு மாதத்தைப் பற்றிக் கேட்டார். தனக்காக ஒருவர் கைக்கு எட்டிய வேலையைத் தள்ளி வைத்திருக்க, தான் மறுபடியும் மாமியாரைப் பாயில் கிடத்துவதா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மாமியார் நல்லாத்தான் இருக்காங்க மேடம். காசநோய் வந்தது எனக்கு. சொல்லப் பயந்துக்கிட்டுப் பொய் எழுதிட்டேன். ஒருநாள் விடாம மாத்திரை சாப்பிட்டேன். இப்ப சுத்தமா சரியாயிருச்சு."

சொல்லிவிட்டாள். தலையில் இடி எதுவும் விழவில்லை. மூன்று வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னதில் அப்பாடா என்றிருந்தது.

"அப்ப உனக்கு மாத்திரை கொண்டாந்து குடுத்தது யாரும்மா?" என்றார் பசுபதி.

அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மூடி என்ன பயன்? அந்த வார்டுக்கு அப்போது ஒரே ஆள்தான் என்று சிக்கந்தரின் விண்ணப்பமே சொன்னது. நல்லது செய்தவரைத் தன் வாயாலேயே மாட்டிவிட்டோமே என்று அவளுக்குச் சொரேல் என்றது.

சிக்கந்தரை மறுபடி உள்ளே அழைத்தார்கள். அவர் தமயந்தி பக்கம் திரும்பவே இல்லை. "இப்பக் கேட்டாலும் தெரியாதுன்னுதாங்க சொல்லுவேன்," என்றார்.

"ஒருத்தி பொய் எழுதுனா, ஒருத்தர் பொய் சொன்னாரு. ரெண்டு பேருமே வேணாம் மேடம்," என்று பசுபதி ஃபைலை மூடினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கேட்டதற்குக் கடைசியில் உண்மை சொன்னவள் தமயந்தி. நோயின் வலியும் தெரிந்தவள். கடைசிவரை உண்மையைச் சொல்லாதவர் சிக்கந்தர். பசுபதி சொல்வதுபோல இருவரையும் அனுப்பிவிடுவதா? இல்லையென்றால், அந்த வேலை யாருக்கு?

விடை இதுதான். வேலை சிக்கந்தருக்கே. நோய் யாருக்கு வந்ததோ, அதை வெளியில் சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். தமயந்தி சொன்னது அவளுடையதை. சிக்கந்தரிடம் கேட்டது அடுத்தவருடையதை. "வெளியில எங்க பாத்தாலும், அவங்களா வந்து பேசுற வரைக்கும் நமக்கு அவங்களத் தெரியாது. இந்த வேலையில அதுதான் சார் மொதப் பாடம்," என்று டாக்டர் பசுபதிக்கு எடுத்துச் சொன்னார். தமயந்தியிடம், "தை மாசம் கம்பத்துல ஒரு இடம் காலியாகுது. விண்ணப்பத்துல உன் சொந்தக் கதைய எழுதிக் கொண்டாம்மா, பாக்கலாம்," என்றார். வேலை கிடைக்காமல் வெளியே வந்தவளுக்கு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து நன்றாகப் பசித்தது. பஸ் ஸ்டாப்பில் சிக்கந்தர் அவளைக் கண்டும் காணாதவராகவே நின்றார். அவள்தான் பக்கத்தில் போய், நாலு பேர் காதுபட, "அண்ணே, நான் தமயந்தி. எனக்குக் காசநோய் வந்தப்ப மாத்திரை கொண்டாந்து குடுத்தீங்களே," என்றாள். அதற்கப்புறம்தான் அவர் திரும்பி, "ஒடம்பு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.