கத்தி படாத எலி

“கொழுப்புக்குப் போற நரம்பை வெட்டின இருபது எலி குண்டாச்சு. சரி. வெட்டாத இருபதும் ஏன் மேடம் குண்டாச்சு?”

கேட்டவர் செங்கோடன். கோழிப்பண்ணையை விற்றுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சிக்கு வந்தவர். பத்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பும் போச்சு.

அவருடைய வழிகாட்டி, பேராசிரியர் நஸீமா, அவரைவிட ஆறு வயது சின்னவர். நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தீனி?”

“ஒரே மூட்டை. ஒரே அளவு.”

“உங்க பண்ணைப் பழக்கத்துல ரெண்டு பிடி சேர்த்துப் போட்டீங்களா?”

“கோழியை எடைக்கு வித்தேன் மேடம். எலியை யார் வாங்குவா?”

நஸீமா சிரித்தார்.

“சரி, அந்த வெட்டாத இருபதை என்ன பண்ணீங்க?”

“வழக்கம்போலத்தான். மயக்கம் குடுத்தேன். தோலைத் திறந்தேன். நரம்பைத் தொடலை. மூடித் தைச்சுட்டேன்.”

“அதாவது?”

“அதாவது, ஒண்ணும் பண்ணலை.”

நஸீமா நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினார்.

செங்கோடன் குனிந்து பார்த்தார். நரம்பு ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றி உருண்டை உருண்டையாக ஒரே கூட்டம்.

“யார் இவனுங்க?”

“நோயை எதிர்க்கிற செல்லுங்க. உடம்புக்குக் காவல்.”

“இங்க என்ன வேலை?”

“கொழுப்பைக் கரைன்னு நரம்பு ஒரு சேதி அனுப்பும். இதுங்க அதை வழியிலேயே விழுங்குதுங்க.”

“காவலுக்கு வந்தவன் கடுதாசியைத் தின்னா எப்படி மேடம்? இது வெட்டின எலிதானே?”

“வெட்டாதது.”

செங்கோடன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நரம்புக்கு ஒரு கீறல் இல்லை. இத்தனை பேரை எவன் கூப்பிட்டான்?”

நஸீமா ரொம்ப நேரம் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உறை பிரிக்காத அறுவைக் கத்தி ஒன்றை எடுத்தார்.

“கையை நீட்டுங்கண்ணே.”

“எதுக்கு?”

“தோலை மட்டும் திறந்து, உடனே தைச்சிடறேன். நரம்பைத் தொட மாட்டேன்.”

செங்கோடன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இழுத்த கையை அவரே பார்த்தார்.

“தோலைத் திறந்ததே இவனுங்களைக் கூப்பிட்டிருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, கத்தியே படாத எலி நம்மகிட்ட எத்தனை இருக்கு மேடம்?”

“ஒண்ணுகூட இல்லை.”

அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“அஞ்சு வருஷமா பக்கத்துலயே இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

நஸீமா கத்தியை மேசையில் வைத்தார்.

“இப்பத்தான் சந்தேகம் வந்தது, உங்க கை பின்னால போனப்பதாண்ணே எனக்கே உறுதியாச்சு.”