லாரிக்கு அடியில் ஒரு வேலை

கூழைப்பாளையத்து ஆண்பிள்ளைகளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம். நன்றாகச் சாப்பிடுவார்கள். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரிலிருந்து நாலு பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கப் பயந்துபோய், பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கிற பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். லாரி என்ன பாவம் செய்ததோ!

நாலு பேரில் ராக்கியப்பனுக்குத்தான் அவசரம். அவன் பெண்டாட்டி பூவாத்தாளையும் கைக்குழந்தையையும் மாமனார் தன் வீட்டிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார். “பட்டாளத்துல இன்ன வேலைன்னு ஒன்னப் புடிச்சுட்டு வாங்க மாப்ள. அப்பத்தான் என்ற புள்ளைய அனுப்புவேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

பட்டறை சுபேதார் நாலு பேரையும் மேட்டில் அப்போதுதான் வந்து நின்ற ஒரு லாரிக்கு முன்னால் நிறுத்தினார்.

“எஞ்சின், பிரேக், டயர், வயரிங். நாலு பிரிவு இருக்கு. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள பேசி முடிவு பண்ணி, அவனவன் எடுத்த பாகத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. கையை விட்டவன் ஊருக்குப் போக வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டுப் போனார். ஒரு வேளை பட்டினி கிடந்தாவது அவர் அங்கேயே நின்றிருக்கலாம்.

சென்னியப்பன் நாலு பேரில் மூத்தவன், ஆகவே பெரிய முட்டாள். “எஞ்சின் எனக்கு. அது மூடிக்குள்ள இருக்கற சாமான். கெட்டுப்போனாலும் வெளிய தெரியாது” என்றான்.

“டயரு எனக்கு” என்றான் வெள்ளியங்கிரி. “டயரு அடியிலதான பஞ்சராகும்? அடிப்பாதியைப் படிச்சாப் போதும்.”

“வண்டி ஓடுனா அடிப்பாதி மேல வந்துருமேடா?” என்று கேட்டான் நாச்சிமுத்து.

வெள்ளியங்கிரி கண்ணை மூடி யோசித்தான். “மேல வந்துட்டா அது மேல்பாதிதான? அதுல எப்படிப் பஞ்சராகும்?”

மற்ற மூவரும் மெச்சித் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்குத்தானே அந்தத் தலை!

நாச்சிமுத்து பிரேக்கை எடுத்தான். “பட்டறைக்கு வர்றதெல்லாம் நின்னுபோன வண்டி. நின்ன வண்டிக்குப் பிரேக் எதுக்கு? வேலையே இருக்காது.”

மிச்சம் வயரிங். ராக்கியப்பன் பின்வாங்கினான். “கரண்டு அடிச்சுச் செத்துப்போனா பூவாத்தாளைக் கூப்பிடறதுக்கு ஆரு போறது? எனக்கு வேற பாகம் வேணும்.”

“வேற பாகமே இல்லீடா!”

“இருக்குது. எந்த மெக்கானிக்கப் பாத்தாலும் லாரிக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கறான். எஞ்சின் மெக்கானிக்கும் அங்கதான், பிரேக் மெக்கானிக்கும் அங்கதான். அப்ப அடிதான பெரிய பிரிவு? சுபேதாரு நம்மகிட்ட மறைச்சுட்டாரு.”

மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது. இது நமக்குத் தோன்றவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ராக்கியப்பன் லாரிக்கு அடியில் ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்து, இரண்டு கையிலும் புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

சென்னியப்பன் முன்மூடியைத் திறந்தான். எல்லாம் கொதித்தது. ஆயில் அளக்கிற கம்பி ஒன்றுதான் கை வைக்கும் சூட்டில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

நாச்சிமுத்து உள்ளே ஏறிக் கைபிரேக்கைப் பிடித்தான். மேலே தூக்கியிருந்ததால் தோள் வலித்தது. கீழே இறக்கிவிட்டுச் சுகமாகப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளியங்கிரி டயரைக் கட்டிப்பிடித்து நின்றதில் கால் கடுத்தது. டயருக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை உருவினான். உட்காரத்தான்.

உட்காரவில்லை. லாரி மெதுவாகப் பின்னால் நகர்ந்து, பிறகு வேகமெடுத்தது.

“அண்ணா, வண்டி போகுது!” என்று கத்தினான் வெள்ளியங்கிரி.

“போனாப் போகட்டும், கைய மட்டும் உட்றாத!” என்றான் சென்னியப்பன், கையோடு உருவிக்கொண்டு வந்த கம்பியைப் பிடித்தபடி.

வெள்ளியங்கிரி, பொடிப்பையன்கள் டயர் உருட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே கூட ஓடினான். “டேய் நாச்சி, பிரேக்க இழுடா!”

“புடிச்சுட்டு நிக்கத்தான சொன்னாரு? இழுக்கச் சொன்னாரா?” என்று லாரிக்குள்ளிருந்து பதில் வந்தது. லாரி மேட்டுக்குக் கீழே இருந்த குட்டையில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. தட்டிக்கொண்டிருந்தவனும் கூடவே இறங்கினான்.

சுபேதார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

“லாரி எங்கடா?”

சென்னியப்பன் கம்பியை நீட்டினான். “எஞ்சினை நான் உடலீங்க. மிச்சந்தானுங்க போயிருச்சு.”

“தரையில கிடக்கிறவன் யாரு?”

“அடிப்பிரிவுங்க” என்றான் ராக்கியப்பன், படுத்தபடியே. “மேல இருந்ததுதானுங்க போச்சு. என்ற பிரிவுல ஒரு பழுதும் இல்லீங்க.”

“எந்திரிடா! ஊருக்குப் போ!”

ராக்கியப்பன் சிரித்தான். “கைய உட்டாத்தானுங்க ஊருக்கு? ஏமாத்தப் பாக்கறீங்களே!”

நாலு சிப்பாய்கள் சேர்ந்து தூக்கினார்கள். புல் வேரும் மண்ணுமாகக் கூடவே வந்தது. அப்போதும் அவன் கையை விடவில்லை. பஸ்ஸிலும் விடவில்லை. அப்படியே மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“மாமா, இதானுங்க நான் புடிச்ச பிரிவு.”

மாமனாரும் கூழைப்பாளையத்துக்காரர்தான். மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது.

“பூவாத்தா! துணிமணியக் கட்டு சாமி. மாப்ள பட்டாளத்துல பூமி வாங்கீட்டாரு!”

மறுநாள் காலையில் சுபேதார் பட்டறைக்கு வந்தார். லாரி நின்ற இடத்தில் மாமனார் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் குழந்தையோடு பூவாத்தாள் பின்னாலேயே கொள்ளு விதைத்துக்கொண்டு வந்தாள்.

“அய்யா, ஓரமா வாங்க” என்று கத்தினான் ராக்கியப்பன். “வெதைய மிதிச்சுராதீங்க!”