ஆடாத மிதவை

உப்பங்கழி நடுவே ஒரு திட்டு. திட்டின் மேல் ஒரு மடம். மடத்துக்கு ஒரு படகு இருந்தது. போன மழைக்காலத்தில் கயிறு கட்டாமல் விட்டதில் அது கடலோடு போய்விட்டது. கட்டியிருக்க வேண்டியது சிங்காரம் என்றார் மடத்துச் சீடர் ஏகாம்பரம். ஏகாம்பரம்தான் என்றார் இன்னொரு சீடரான சிங்காரம். அதுதான் இருவரும் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

அந்தப் படகே அந்தமானில் ஒதுங்கி, அங்கொரு தோணியைக் கட்டிக்கொண்டு, ரெண்டு குட்டி ஓடமும் பெற்றுவிட்டதாகக் கேள்வி. இவர்கள் கோபம் மட்டும் கரையேறவில்லை. “உப்பைக் கொடு” என்பதைக்கூட மடத்துப் பூனையிடம்தான் சொன்னார்கள். பூனையும் கொண்டுபோய்க் கொடுத்தது.

மடத்துக் குரு வடிவாம்பிகை அம்மாள். சீடர்கள் இருவருக்கும் அவரைவிட வயது கூட.

புதுப் படகு வாங்கும் நாள் வந்தது. அக்கரை வியாபாரியிடம் இரண்டு இருந்தன. ஒன்று, பீப்பாய்கள் மேல் பலகை அடித்த மிதவை. அதில் கல்யாணப் பந்தலே போடலாம். இன்னொன்று, அடி தட்டையான சின்னப் படகு; மூன்று பேர் உட்கார்ந்தால் ஒரு பூசணிக்காய்க்கு இடமில்லை. மிதவையை மடத்துக்கே அனுப்பியிருந்தார். போகும்போது அது, வரும்போது இது. பிடித்ததை வைத்துக்கொள்ளலாம்.

“மிதவைதாம்மா நல்லது,” என்றார் ஏகாம்பரம். “சின்னதுல அவன் முழங்கால் என் முழங்கால்ல இடிக்கும். அத வாங்கினா நான் மடத்த விட்டே போயிடுவேன்.”

“ஏறுங்க, பார்ப்போம்.”

இடது ஓரம் ஏகாம்பரம், வலது ஓரம் சிங்காரம். ஆளுக்கொரு மூங்கில். அவரவர் பக்கத்துத் தண்ணீரை முறைத்தபடியே தள்ளினார்கள். அம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தார். மிதவை, இலையில் வைத்த இட்லிபோல அசங்காமல் போயிற்று.

கரை தட்டியதும் ஏகாம்பரம் பெருமையாகத் திரும்பினார்.

“எப்படிம்மா?”

அம்மாளைக் காணோம். பார்த்தால், தூரத்தில், முழங்கால் தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொக்குகளோடு கொக்காக அம்மாள் நடந்து வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் நேரே சின்னப் படகில் ஏறிக்கொண்டார்.

நடுவழியில், நனைந்த முந்தானையைப் பிழிய எழுந்தார். படகு ஒரேயடியாகச் சாய்ந்தது.

“டேய் சிங்காரம், அந்தப் பக்கம் சாயுடா.”

“சாஞ்சுட்டேன். நீ அம்மா கையப் பிடி.”

“பிடிச்சுட்டேன். உன் முழங்கால நகத்து.”

“எங்க நகத்த? உன் மடியிலயா?”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மடத்துப் படியில் இருவரும் ஒரே நேரத்தில் கயிற்றுக்குக் குனிந்தார்கள். முளையில் இரண்டு முடிச்சு விழுந்தது. படியில் காத்திருந்த பூனை, வேலை போன முகத்தோடு உள்ளே போயிற்று.

ஆனாலும் ஏகாம்பரம் விடவில்லை. “என்ன இருந்தாலும் மிதவை ஆடவே இல்லையேம்மா.”

“இல்லதான்,” என்றார் அம்மாள், பாதத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டே. “நான் இறங்கினப்பகூட ஆடல.”