தும்பிக்கை இல்லாத மாணவர்கள்

மணலாற்றங்கரைக் காட்டில் மூக்காயி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். நாலு ஈற்றுக் கண்டவள். அந்தக் கோடையில் அவளோடு ஐந்து குட்டிகள் இருந்தன. ஐந்துக்கும் பிறவியிலேயே முதுகில் இருந்த கோடுகூட இன்னும் மறையவில்லை.

ஆறு வற்றிவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு மடு. அதிலும் தண்ணீர் மூக்காயியின் முழங்கால் வரைக்கும்தான் வந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் யானைகள் வந்து ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டும். அவை குடித்துவிட்டுப் போனதும் மற்ற மிருகங்கள் அந்த ஊற்றில் வாய் வைக்கும். காலங்காலமாக அப்படித்தான் நடந்தது. இந்த வருஷமோ, மலைக்கு அந்தப் பக்கம் போன யானைகள் திரும்பவே இல்லை.

மிருகங்கள் கூடிப் பேசின.

"இனிமே நாமளே தோண்டக் கத்துக்க வேண்டியதுதான்!"

"யாரு கத்துக்கொடுக்கிறது?"

"தவசி நாரையாரை விட்டா வேற யாரு? இருபது கோடை யானைங்க காலடியிலேயே நின்னவராச்சே!"

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டப் புறப்படுவது காட்டுக்கும் புதிதல்ல, நாட்டுக்கும் புதிதல்ல. மறுநாளே மடுவின் கரையில் வகுப்பு தொடங்கிவிட்டது.

தவசி ஒரு பாறைமேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றுகொண்டார். கீழே எல்லோரும் வரிசையாக உட்கார வேண்டும். முன்காலைத் தூக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் சொல்வதை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"பிள்ளைகளே!" என்று ஆரம்பித்தார் தவசி.

யார் பிள்ளைகள்? முதல் வரிசையில் இருந்த சடையன் என்ற முள்ளம்பன்றி பேரன் பேத்தி எடுத்தவர். அவருக்குப் பக்கத்தில் இருந்த பேச்சி என்ற கீரி, மூன்று நல்ல பாம்புகளை நேருக்கு நேர் நின்று முடித்தவள். எல்லாமே பழம் தின்று கொட்டை போட்ட கூட்டம். அவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னதும் மூக்காயிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமே!

முதல் இரண்டு நாள் யானைகளின் பெருமையிலேயே போயிற்று. மூன்றாம் நாள்தான் தோண்டும் பாடம் வந்தது.

"தும்பிக்கையை வலப்பக்கம் வளை! வளைத்த தும்பிக்கையால் மணலை அள்ளு! முதுகுக்குப் பின்னால் வீசு! எங்கே, எல்லோரும் சொல்லுங்கள்!"

"தும்பிக்கையை வலப்பக்கம் வளை!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. கீரி கத்தினாள். முள்ளம்பன்றி கத்தினார். ஒரு முயல் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு கத்தியது.

மூக்காயி சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே ஒருவருக்கும் தும்பிக்கை இல்லை. மடுவின் ஓரத்தில் அவளுடைய கடைக்குட்டி ஈரச் சேற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்!"

"காலைத் தூக்கு!"

தூக்கினாள்.

"ஐயா, எனக்குத் தும்பிக்கை இல்லையே. இங்க யாருக்குமே இல்லையே. நாங்க எதை வளைக்கிறது?"

தவசி கழுத்தை நீட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாடத்தில் தும்பிக்கை இருக்கிறது. உன் முகத்தில் இல்லையென்றால் அது உன் குறை! பாடத்தின் குறை அல்ல!"

"முகத்துல மூக்கு இருக்குதுங்க. இதாலதான் இத்தனை வருஷமா கிழங்கு தோண்டித் தின்னுறேன். இதை வச்சு மணலைத் தோண்டுறது எப்படின்னு சொல்லுங்க, போதும்."

"கிழங்கு தோண்டுவதும் ஊற்றுத் தோண்டுவதும் ஒன்றா? உனக்குத் தெரிந்ததை எல்லாம் புதரிலேயே போட்டுவிட்டு வா! வெறும் தலையோடு வந்தால்தான் பாடம் ஏறும்!"

"வெறும் தலையோட வர, நான் என்ன நேத்துப் பிறந்த குட்டியா?"

முயல் கண்ணைத் திறந்துவிட்டது. தவசிக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது.

"திமிரா? சூரியன் உச்சிக்கு வரும்வரை ஒற்றைக் காலில் நில்!"

ஒற்றைக் காலில் நிற்பது நாரைக்குத் தூக்கம். பன்றிக்கு முடிகிற காரியமா? முதல் நாள் இதே தண்டனையை வாங்கிய முயல், உருண்டு மடுவில் விழுந்து சேறும் சகதியுமாக எழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கக்கூட இல்லை.

"நிக்க மாட்டேன்!" என்றாள் மூக்காயி.

"என்ன சொன்னாய்?"

"நிக்க மாட்டேன்னு சொன்னேன்! கேள்வி கேட்டது தப்புன்னா, அந்தத் தப்பை நாளைக்கும் செய்வேன்!"

குட்டிகளைக் கூப்பிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

நேராக ஆற்று மணலுக்குப் போனாள். வெயில் கொளுத்தியது. கண்ணில் பட்ட இடத்தில் மூக்கைக் குத்தித் தோண்ட ஆரம்பித்தாள். அவள் ஒரு முழம் தோண்டினால் ஓரத்து மணல் சரிந்து முக்கால் முழத்தை மூடியது. விடாமல் தோண்டினாள். மூக்கு எரிந்தது. மத்தியானம் வரைக்கும் பாடுபட்டும் ஒரு குட்டி படுக்கிற அளவுக்குத்தான் பள்ளம் விழுந்தது. அழுகை வரும் போலிருந்தது. ஆனால் நாரைமேல் இருந்த கோபம் அழுகையைவிடப் பெரிதாக இருந்ததால் தோண்டிக்கொண்டே இருந்தாள்.

வகுப்பு விட்டு அந்த வழியாக வந்த சடையன் நின்று பார்த்தார்.

"என்ன தாயி, மணல் சரியுதா?"

"கண்ணு தெரியலையா அண்ணே?"

"நேரா தோண்டினா சரியத்தான் செய்யும். வாய் அகலமா, அடி குறுகலா, சரிவா வெட்டிக்கிட்டே இறங்கணும். வளை தோண்டிப் பிழைக்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

மூக்காயி தோண்டுவதை நிறுத்தினாள்.

"இம்புட்டும் தெரிஞ்சவரு வகுப்புல ஏண்ணே வாயைத் திறக்கல?"

"யாரு தாயி கேட்டாங்க?"

அந்த வார்த்தை அவளுக்குச் சுட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரியுமோ! காலையிலிருந்து எல்லோரும் இல்லாத தும்பிக்கையை வளைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும்தான்.

இருவரும் சேர்ந்து தோண்டினார்கள். மணல் இப்போது சரியவில்லை. ஆனால் மூக்காயியின் கழுத்தளவு இறங்கியும் அடியில் ஈரத்தைக் காணோம்.

"இடம் தப்பு தாயி" என்றார் சடையன். "யானைங்க எங்க தோண்டுச்சுன்னு தெரிஞ்சவரு ஒருத்தருதான்."

அந்த ஒருத்தர் யாரென்று இருவருக்கும் தெரியும். மூக்காயிக்கு அவர் முகத்தில் விழிக்கவே இஷ்டமில்லை. குட்டிகளைப் பார்த்தாள். ஐந்தும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழலில் கிடந்தன.

"கெஞ்சப் போறதில்ல அண்ணே. கேக்கப் போறேன்!"

மறுநாள் காலையில் மடுவில் தண்ணீர் குளம்பு நனைகிற அளவுக்கு வந்துவிட்டது. பாறைமேல் நாலாம் பாடம் நடந்துகொண்டிருந்தது.

"களைப்பு வந்தால் காதை விசிறு!"

பேச்சி தன் சுண்டைக்காய் அளவுக் காதை விசிறப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். மூக்காயி வரிசையைப் பிளந்துகொண்டு பாறைக்கு நேர் எதிரே போய் நின்றாள். காலைத் தூக்கவில்லை.

"யானைங்க எந்த இடத்துல தோண்டுச்சு? சொல்லுங்க!"

"அது பதினான்காம் பாடம்! இப்போது நாலாம் பாடம்! போய் உட்கார்!"

"மடுவுல தண்ணி நாளைக்குத் தாங்காது. பதினாலாம் பாடத்தை யாருக்கு நடத்துவீங்க? எங்க எலும்புக்கா?"

"உன் பேரை அடித்துவிடுவேன்!"

"அடிச்சுக்கோங்க!"

சொல்லிவிட்டு அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பேச்சி, உனக்கு என்ன தெரியும்?"

பேச்சி திடுக்கிட்டாள். முன்காலைப் பாதி தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கா? ஈரம் தெரியும்க்கா! வெயில் காலத்துல பாம்பு ஈரத்தைத் தேடித்தான் பதுங்கும். மண்ணுக்கு அடியில எங்க குளிர்ச்சின்னு என் பாதம் சொல்லிரும்."

"நான் பின்னங்காலால மண்ணை எத்தித் தள்ளுவேன்!" என்று துள்ளியது முயல். அதன் வாயிலிருந்து வந்த முதல் சொந்த வார்த்தை அது.

"எனக்குச் சரிவு வெட்டத் தெரியும்!" என்றார் சடையன்.

ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். வரிசை கலைந்து வட்டமானது. "வரிசை! வரிசை!" என்று தவசி தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் திரும்பவில்லை. மூக்காயி மட்டும் திரும்பினாள்.

"ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? உள்ளதைச் சொல்லுங்க!"

தவசி தூக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றினார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லிட்டா, நாளைக்கு என்னைத் தேடி யார் வருவீங்க?"

"எங்களை வரிசையில உக்கார வச்சா உங்களைத் தேடி வந்துருவோமா? இருபது கோடை யானைங்க காலடியில நின்னு என்ன பாத்தீங்களோ, அது எங்க யாருக்கும் தெரியாது. மனப்பாடம் பண்ணினதை விடுங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. கேக்குறோம்!"

அவரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தவசி பாறையிலிருந்து இறங்கினார்.

"ஆத்து வளைவு. உள்பக்கம். மருத மரத்துக்கு நேர் எதிரே. பெரிய யானை அங்கதான் காலால தட்டித் தட்டிப் பாக்கும். மத்த இடத்துல அது நின்னு நான் பாத்ததே இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் ஓடினார்கள்.

பேச்சி பாதம் வைத்துப் பார்த்து இடத்தைக் குறித்தாள். மூக்காயி மூக்கால் கெல்லினாள். சடையன் சரிவு வெட்டினார். முயல் மணலை எத்தி எத்தி வெளியே தள்ளியது. மணல் மஞ்சளாக இருந்து பழுப்பாகி, பிறகு கறுத்தது. வெயில் சாயும் நேரத்தில் குழியின் அடியில் தண்ணீர் கசிந்தது.

"தண்ணி! தண்ணி!"

குட்டிகள் பாய்ந்தன.

"நில்!" என்று அதட்டினார் தவசி.

எல்லோரும் அவரை முறைத்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அதட்டல. கேக்குறேன். இந்தத் தண்ணியை இப்பவே குடிச்சா என்ன ஆகும்? யாருக்காவது தெரியுமா?"

மூக்காயி குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு குட்டிகளுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டாள்.

"கலங்கல் தண்ணி. குட்டிக்கு வயித்தால போகும். இருக்கிற நிலைமையில அது வந்தா ஒண்ணும் தங்காது. போன ஈத்துல ரெண்டை இப்படித்தான் பறிகொடுத்தேன்."

"யானைங்க முதல் ரெண்டு ஊறலை இறைச்சு வெளியே விட்டுரும்" என்றார் தவசி. "மூணாவது ஊறலைத்தான் குட்டிக்குக் குடுக்கும்."

"இப்பதாங்க பாடம் நடத்துறீங்க!" என்றாள் பேச்சி.

தாகத்தில் துடிக்கிற குட்டியைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தடுத்து நிறுத்துவது எவ்வளவு கொடுமை! ஐந்தும் வீல் வீலென்று கத்தின. மூக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் கலங்கலை வாயால் மொண்டு வெளியே துப்பினார்கள். முதல் ஊறல் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது தெளிந்து வந்தது. அவள் விலகி வழிவிட்டாள். கடைக்குட்டி வயிறு உப்புகிற வரை குடித்து, அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் தானும் குடித்தாள்.

தவசிக்குப் பழைய பழக்கம் விடவில்லை. மணல் மேட்டில் ஏறி நின்றார்.

"இன்றோடு நீங்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள் என்று அறிவிக்கிறேன்!"

மூக்காயி ஈர மூக்கை நிமிர்த்தினாள்.

"அறிவிக்க நீங்க யாருங்க? எங்க குட்டிங்க குடிக்குது. அதுக்கு மேல ஒரு தேர்ச்சி எங்களுக்கு வேண்டாம்! நீங்கதான் இன்னும் தேறணும். நாளைக்குக் குழி தூர்ந்திருக்கும். மேட்டுல நிக்காம எங்ககூட உள்ளே இறங்கி அள்ளுங்க. அப்ப உங்களை வாத்தியாருன்னு கூப்பிடுறேன்!"

தவசி சிறகை விரித்துப் பறந்து போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் மூக்காயி குழிக்கு வந்தாள். அவளுக்கு முன்பே தவசி உள்ளே நின்றுகொண்டிருந்தார். இரண்டு காலும் ஈர மணலில் புதைந்திருந்தன. அலகு முழுக்கச் சேறு. அவளைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தினார்.

"வாங்க மூக்காயம்மா. இன்னைக்கு எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? நீங்க சொல்லுங்க."

வளர்ந்தவர்களுக்குக் கற்பிக்க வருகிறவர் முதலில் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டறிய வேண்டும். கேட்க மறுக்கிற வாத்தியாரிடம் அடங்கி உட்கார்ந்திருப்பதைவிட, எழுந்து நின்று கேள்வி கேட்பதே மாணவருக்கு அழகு.