முள்ளைப் பிடுங்கச் சொன்ன தேர்வு

பாறைமேட்டுக் காட்டில் செவந்தி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அந்த மேட்டில் ஒரு வைத்தியர்கூடக் கிடையாது. அவளுடைய அப்பாவைப் பாம்பு கடித்தபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வைத்தியரிடம் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றைக்கே செவந்தி சொல்லிவிட்டாள், "நான் வைத்தியம் படிக்கப் போறேன்!"

வைத்தியம் படிக்க வேண்டுமானால் கரடியார் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான். முதல் தடவை செவந்தி போனபோது, வாசலில் சோதனை போட நின்ற மந்தி கையை நீட்டி மறித்தது.

"கூரான பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது! முள்ளைப் பிடுங்கு!"

"ஐயா, இது என் உடம்பு!"

"சட்டம்னா சட்டம்தான்!"

என்ன செய்வாள், பாவம்! வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். உள்ளே போனபோது பாதி நேரம் போயிருந்தது. முதுகெல்லாம் தீயாய் எரிந்தது. மூன்றே மூன்று மார்க்கில் தோற்றுப்போனாள்.

அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஒழுங்காப் படிச்சிருந்தா பாஸாகியிருப்பா!" வாய் கூசாமல் பேசினார்கள்.

செவந்தி ஒரு வருடம் விழுந்து விழுந்து படித்தாள். மூலிகைப் பெயரையெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். பிடுங்கிய முள்ளும் திரும்ப முளைத்தது. தேர்வு நாள் விடிந்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாசல்ல வெச்சுப் பிடுங்கினா நேரம் போயிடும் கண்ணு. நானே பிடுங்கி விடறேன்."

"வலிக்காம பிடுங்கும்மா."

வலிக்காமல் எப்படிப் பிடுங்குவது? அம்மா அழுதுகொண்டே பிடுங்கினாள். வெற்று முதுகோடு செவந்தி வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

மந்தி நுழைவுச் சீட்டில் இருந்த படத்தைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

"படத்துல முள் இருக்கு. உனக்கு இல்லையே! நீ வேற ஆளு. ஓடு!"

கேட்டீர்களா அநியாயத்தை! செவந்தி ஓரடி முன்னால் வந்து கத்தினாள்.

"முள்ளோட வந்தா பிடுங்குன்னு சொன்னே! பிடுங்கிட்டு வந்தா நான் நானே இல்லைங்கறே! எங்கம்மா அழுதுக்கிட்டே பிடுங்கினாங்கடா! உள்ளே விடு!"

பின்னால் நின்ற மானும் முயலும் ஆமையும் "விடு! விடு!" என்று கத்தின. ஆமைக்குத்தான் கோபம் அதிகம். போன வருடம் அதனிடம் ஓட்டைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லியிருந்தது இந்த மந்தி.

அந்த நேரம் பார்த்து, ஏரிக்கரைப் பெரிய வீட்டுக் கூழைக்கடாப் பறவை தேர்வு எழுத வரிசையில் நிற்காமலே வந்தது. மந்தி குனிந்து கும்பிட்டு வழிவிட்டது. சோதனையாவது ஒன்றாவது!

"அதோட அலகுக்குக் கீழே இவ்வளவு பெரிய பை தொங்குதே, அதைப் பார்த்தியா?" என்றாள் செவந்தி.

"பெரிய இடத்துப் பிள்ளையைச் சோதிக்கிறதா? வாயை மூடு!" என்றது மந்தி.

கூழைக்கடாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைப் பார்த்து என்ன பேசறே!" என்று அலகை அகலத் திறந்தது. பொலபொலவென்று ஆலிலைகள் கொட்டின. அத்தனையிலும் அன்றைய கேள்விகளுக்கான விடைகள்!

சத்தம் கேட்டுக் கரடியார் ஓடிவந்தார். இலைகளைப் பார்த்தார்.

"தேர்வு ரத்து! எல்லாரும் அடுத்த வருஷம் வாங்க!"

"தப்பு செஞ்சது அது, தண்டனை எங்களுக்கா?" செவந்தி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "வேற கேள்வி கேளுங்க! இன்னிக்கே கேளுங்க! அடுத்த வருஷம் வரைக்கும் எங்க மேட்டுல பாம்பு யாரையும் கடிக்காம இருக்குமா?"

மான், முயல், ஆமை எல்லாம் அவளோடு உட்கார்ந்தன. கரடியாரால் வெளியே போக முடியவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு கூழைக்கடாவைத் துரத்தினார். மந்தியை வாசலிலிருந்து விலக்கினார். ஆலமரத்தடியில் எல்லாரையும் உட்காரவைத்துப் புதுக் கேள்விகளைத் தானே சொன்னார்.

செவந்தி ஏழாவதாகத் தேறினாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா மகளின் முதுகைத் தடவிப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு ரத்தம்!" என்று வாய்விட்டு அழுதாள்.

எளியவர் முள்ளைப் பிடுங்கிவிட்டு, பெரிய இடத்துப் பையைத் திறந்துகூடப் பார்க்காத தேர்வில் ஒருவர் தோற்றால், வெட்கப்பட வேண்டியது தேர்வை நடத்துகிறவர்தான்.