பாம்பு படம் எடுத்த கதை

கூந்தன்விளை மேலத்தெருவில் மூன்றே பேர் கொண்ட மன்றம் ஒன்று இருந்தது. தலைவர் கோமதிநாயகம், செயலாளர் சொரிமுத்து, பொருளாளர் சுயம்பு. வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது. பதவி இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் மூளை கொஞ்சம் கம்மிதான். ஆனால் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள். வினையெல்லாம் அங்கேதான் தொடங்கும்.

கோமதிநாயகத்திடம் ஊர் மெச்சும் பொருள் ஒன்றுதான் உண்டு. அது அவருடைய மீசை. இருபது வருஷமாகத் தேங்காய் எண்ணெய் குடித்து வளர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி ஆவுடையம்மாள் அவரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, "மீசை மட்டும் பரவால்ல" என்பதுதான். அந்த மீசையைத்தான் மனுஷன் டீக்கடையில் பந்தயம் வைத்துவிட்டு வந்தார்.

கீழத்தெரு தளவாய் நூலக ஆண்டு விழாவில் ஒரு குட்டிப் படம் காட்டியிருந்தான். களிமண் எலி ஒன்று தானாக ஓடி வந்து லட்டைத் தின்றுவிட்டு ஓடும். டிஜிட்டல் கேமராவில் போட்டோ போட்டோவாக எடுத்து வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்குமாம். ஊரே கைதட்டியதில் கோமதிநாயகத்துக்கு வயிறு எரிந்தது. மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் வாயை விட்டார்.

"எலி என்னடே எலி? நாங்க பாம்பையே விடுதோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள காட்டலேன்னா இந்த மீசைய எடுத்திருதேன்."

கேமரா கையில் இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் மச்சினன் போன லீவுக்குக் கொண்டுவந்து கொடுத்தது. செய்முறை தெரியாததால் அவனுக்கே போன் போட்டார்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுது என்று தலைவர் சொன்னதால், சுயம்பு ஒரு வார்த்தை விடாமல் எழுதினான்.

தாளில் முதல் வரி: 'ஹலோ, கேக்குதா?'

கோமதிநாயகம் கேமராவைக் கையில் ஏந்தி அப்படியே பணிவாகக் கேட்டார். பதில் இல்லை. மஸ்கட்டிலிருந்து வந்ததல்லவா, தமிழ் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று சொரிமுத்து சமாதானம் சொன்னான்.

இரண்டாவது வரி: 'கேமராவ ஸ்டாண்டுல வை.' சைக்கிள் ஸ்டாண்டா, ஆட்டோ ஸ்டாண்டா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சும்மா ஸ்டாண்டு என்று சொன்னால் அது பஸ் ஸ்டாண்டுதான் என்று கடைசியில் முடிவாயிற்று. சனிக்கிழமை காலையில் கேமரா, களிமண் பாம்பு, வெற்றிலைப் பொட்டலம் சகிதம் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பெஞ்சைப் பிடித்தார்கள்.

மூன்றாவது வரி: 'பின்னால எதுவும் அசையப்படாது.' பின்னால் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. சுயம்பு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து அதன் முன்னால் நின்றுகொண்டான். கண்டக்டர் இறங்கி வந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தார். பாம்பு நடந்து முடிக்கிறவரைக்கும் என்றான் சுயம்பு. கண்டக்டர் பாம்பையும் பார்த்தார், மூவரையும் பார்த்தார். டிரைவரிடம் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டார்.

நான்காவது வரிதான் முக்கியமானது. 'பாம்பக் கொஞ்சம் நகத்து, படம் எடு. திரும்பவும் நகத்து, படம் எடு. எரநூறு தடவ.'

"இதுல ஒரு சிக்கல் இருக்கு அண்ணாச்சி," என்றான் சொரிமுத்து. "நகத்துறது யாருன்னு தெரியுது. அது நாமதான். படம் எடுக்கது யாரு?"

"நாமதாம்லே."

"மனுசன் எங்க அண்ணாச்சி படம் எடுப்பான்? நல்ல பாம்புல்லா படம் எடுக்கும்."

கோமதிநாயகம் யோசித்தார். கேமராவின் தலையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை எதற்காகவோ அழுத்த வேண்டும் என்று அவருக்குள் சின்னதாக ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் தலைவரே சந்தேகப்பட்டால் மன்றத்தின் கௌரவம் என்ன ஆவது? பொத்தானை விட்டுவிட்டார்.

ஆக, பாம்பைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். பிறகு சொரிமுத்து அதன் தலையைக் கட்டைவிரலால் நசுக்கிப் படம் எடுக்க வைப்பான். சுயம்பு எண்ணுவான். சாயங்காலம் இருநூறு ஆனபோது பாம்பின் தலை தோசைக்கல் அகலம் விரிந்திருந்தது. கேமரா சொன்னபடி அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் கூட்டம் கூடிவிட்டது. தளவாய் கேமராவை டிவியில் மாட்டினான். திரையில் ஒன்றுமே இல்லை.

"ஒரு படம்கூட இல்லியே அண்ணாச்சி."

"படம் எடுத்தது பாம்பு. கேமராவுல தேடுனா எப்படி இருக்கும்?" என்று சொரிமுத்து பாம்பைத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

கூட்டம் சிரித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. அதற்குள் யாரோ சலூன்காரரைக் கூட்டிவந்துவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்த கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா இறந்தபோதுகூட அவர் இப்படி நிலைகுலையவில்லை. ஆவுடையம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? மெச்சிச் சொல்ல அவளுக்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது?

தளவாய்க்கு இரக்கமும் வந்தது, குறும்பும் வந்தது. தன்னுடைய மூன்று கால் கேமரா ஸ்டாண்டில் அதை மாட்டினான். சலூன்காரர் நாலு முடி வெட்டுவார். தளவாய் பொத்தானை அழுத்துவான். மறுபடி நாலு முடி, மறுபடி ஒரு அழுத்து. மீசை முழுக்க ஒழிந்ததும் எல்லாப் படத்தையும் டிவியில் வேகமாக ஓட்டினான். கத்தரிக்கோலே இல்லாமல் மீசை ஓரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து போய், மூக்குக்குக் கீழே மறைந்தது. கூட்டம் விசிலடித்தது.

"பாம்பு மாதிரியே போகுதே," என்று கோமதிநாயகம் அழுகையோடு பெருமைப்பட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "போனது திரும்பி வருமாடே?"

"வராம? பின்னாலிருந்து ஓட்டுனா வந்துரும்," என்ற தளவாய் படத்தைத் தலைகீழ் வரிசையில் ஓட்டினான். மொட்டை உதட்டில் மீசை துளிர்த்து, படர்ந்து, முறுக்கிக்கொண்டு நின்றது. கோமதிநாயகம் எழுந்து தளவாயைக் கட்டிக்கொண்டார். மன்றம் ஜெயித்துவிட்டது என்று சுயம்பு அங்கேயே குறிப்பெழுதினான்.

மூவரும் தலைவர் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஆவுடையம்மாள் யார் வேண்டும் என்று கேட்டாள். மீசை வந்துவிட்டதே என்றார் அவர். அவள் கைக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடியில் மீசை இல்லை. கோமதிநாயகம் பதறவில்லை. பின்னாலிருந்து பார்த்தால்தானே வரும்? கண்ணாடியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். அங்கே வெறும் அட்டை இருந்தது. மீசையும் இல்லை, முகமும் இல்லை, ஆளே இல்லை.

"எலே, என்னையே காணமே," என்று கண்ணாடியைச் சொரிமுத்துவிடம் நீட்டினார்.

சொரிமுத்து வாங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றான். அவனும் அந்த அட்டையில் தலைவரைப் பார்க்கவில்லை. நேற்று முழுக்க இருந்த இடத்தில்தான் தேட வேண்டும் என்று சுயம்பு சொன்னான். மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் கோமதிநாயகம்.

அதே கண்டக்டர் படியில் நின்றுகொண்டிருந்தார். மேலத்தெரு கோமதிநாயகத்தைப் பார்த்தீர்களா என்று மூச்சிரைக்கக் கேட்டார்கள்.

"ஆள் எப்படி இருப்பாரு?" என்றார் கண்டக்டர்.

கோமதிநாயகம் மொழுமொழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவியபடி சொன்னார்:

"ஈசியாக் கண்டுபிடிச்சிரலாம். பெரிய மீசை வச்சிருப்பாரு."