இடதுவாய் நத்தையும் என் வீட்டுச் சுவரும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நேற்றிலிருந்தே எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ஏதாவது குறைந்தால் எங்கள் ஊர்க் கொம்பையா அண்ணனைக் கேளுங்கள். கூடினாலும் அவரையே கேளுங்கள்.

எங்கள் ஊர் சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே இருக்கிறது. பாறையை ஒட்டிய முதல் வீடு என்னுடையது. கல் உடைக்க வெடி வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த நாளிலிருந்து சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நத்தை ஆராய்ச்சி செய்கிற ரோஸ்லின் மேடம் வந்தார். பாறை இடுக்கில் கடுகளவு நத்தைகள் இருக்கின்றன, வேறெங்கும் இல்லாத வகை ஒன்று கிடைத்தால் வெடியை நிறுத்தச் சொல்லி அரசுக்கு எழுதலாம் என்றார். கூட்டின் வாய் வலப்பக்கம் இருந்தால் சாதாரணம், சிவப்பு மூடிக் குப்பியில் போடவேண்டும். இடப்பக்கம் இருந்தால் அபூர்வம், பச்சை மூடிக் குப்பி. லென்ஸைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனார்.

முதல் நத்தையைப் பலகையில் வைத்தோம். இந்தப் பக்கம் கொம்பையா அண்ணன், எதிர்ப்பக்கம் அவர் மைத்துனன் பேச்சிமுத்து.

“வாய் வலப்பக்கம்” என்றார் அண்ணன்.

“இடப்பக்கம் அத்தான். நல்லாப் பாருங்க.”

“சோறு திங்கிற கை எதுன்னு எனக்குத் தெரியாதா மாப்ளே?”

“நானும் சோத்துக் கையை வச்சுத்தான் சொல்லுதேன்.”

இரண்டு பேரும் சாமி மேல் சத்தியம் செய்தார்கள். சத்தியம் செய்தவர்களைச் சந்தேகப்படக் கூடாது. ஆகவே அந்த ஒரு நத்தை இரண்டு வகை என்று முடிவானது. காலையில் சிவப்பு மூடிக் குப்பி, மதியத்துக்கு மேல் பச்சை. அடுத்தடுத்துப் பிடித்த நத்தைகளுக்கும் இதே வழக்குதான். மாற்றுகிற வேலை எனக்கு. நேரம் தப்பிவிடுமோ என்று நான் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை.

ஊரே பேச்சிமுத்து பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா நத்தையும் அபூர்வமாகிவிடுமே என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. சொன்னேன். பதினேழு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சு முறிந்து, பலகை கவிழ்ந்து, நத்தையெல்லாம் பாறையடிச் சருகில் கொட்டிப்போயின. சருகோடு மண்ணோடு அள்ளி ஒரு சட்டியில் போட்டு வைத்தோம்.

மேடம் வந்ததும் பேச்சிமுத்து பக்கமாகப் பார்த்து முக்காலி போட்டோம். அவரோ ஒவ்வொரு கூட்டையும் இடுக்கியால் எடுத்து, நுனியை மேலே நிமிர்த்தி, வாய் தன்னைப் பார்க்கும்படி பிடித்தார். எங்கே உட்கார்ந்தாலும் இப்படித்தான் பார்க்கவேண்டுமாம். வலது, வலது, வலது. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

சட்டியின் அடி மண்ணில் ஒன்று இருந்தது. அதை மூன்று தடவை பார்த்தார். “இடது” என்றார் மெதுவாக.

அண்ணன் விடவில்லை. தன் பக்கம் வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். மேடம் போய் உட்கார்ந்தார். அங்கேயும் இடதுதான்.

“யார் பேச்சையும் கேக்காத நத்தை” என்றார் அண்ணன்.

புது வகைதான் என்று ஆறு மாதத்தில் உறுதியானது. உத்தரவும் வந்தது. மேடம் படித்துக் காட்டினார்: அந்த நத்தை வாழும் இடத்தை யாரும் உடைக்கக் கூடாது, அங்கே மனிதர் கால் படக் கூடாது.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் கை எழவில்லை. நத்தை வாழும் இடம் என்றால் பாறைதான், என் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் அன்றைக்கே அந்த வகையில் இரண்டைத் தேடிப் பிடித்து நடுவீட்டில் விட்டுக் கதவைப் பூட்டினேன்.

இப்போது குடும்பத்தோடு வேப்பமரத்தடியில் இருக்கிறோம். நேற்று நல்ல மழை. நனைந்துகொண்டே போய்ச் சுவரைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.